"பில்டிங் ஸ்ட்ராங்கா இருக்கும்ல?": தாங்குதிறனும் சுமைத் தேவையும்

வீடு கட்டுகிறவர்கள் பொறியாளரிடம் எப்படியும் ஒருமுறை கேட்டுவிடுவார்கள்: "சார், பில்டிங் ஸ்ட்ராங்கா இருக்கும்ல?" அக்கறையில் கேட்கிற கேள்வி அது. ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. எதைத் தாங்க, எவ்வளவு தாங்க, எந்தப் பக்கமிருந்து வருவதைத் தாங்க என்பதும் சேர்ந்தால்தான் பதில் சொல்ல முடியும். ஒரு படுக்கையறைத் தளம் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். அதே அறையை அரிசிக் கடைக்கு வாடகைக்கு விட்டு, மூட்டைகளை ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நெருக்கி அடுக்கினால் சதுர மீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டிவிடும். கம்பி அதே கம்பி, கான்கிரீட் அதே கான்கிரீட். ஆனால் அந்தத் தளம் அந்த எடைக்காகக் கணக்கிடப்பட்டதே இல்லை.

கட்டமைப்புப் பொறியாளர் செய்வது இரண்டு கணக்குகளை எதிரெதிரே வைப்பது. ஓர் உறுப்பின் மேல் வந்து சேரும் விசை எவ்வளவு என்பது ஒரு கணக்கு. அதைச் சுமைத் தேவை என்போம். உடையாமல் அந்த உறுப்பால் எவ்வளவு எதிர்த்து நிற்க முடியும் என்பது மற்றது, அது தாங்குதிறன். ஒவ்வொரு பீமிலும், தூணிலும், இணைப்பிலும், ஒரு சின்ன போல்ட்டில்கூட, தாங்குதிறன் தேவையைவிடக் குறையக் கூடாது.

விதி இவ்வளவுதான். சிரமம் என்னவென்றால், இரண்டு பக்கமும் கையில் இருப்பவை மதிப்பீடுகள். அடுத்த ஐம்பது வருஷத்தில் அந்த ஹாலில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கான்கிரீட் இறுகிப்போகிறதே என்று சைட்டில் எத்தனை வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்றினார்கள் என்பதும் வரைபடத்தில் வராது. தெரியாத இரண்டை ஒப்பிட்டு, உயிரை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு உறுதியான முடிவுக்கு எப்படி வருகிறார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

சுமை எங்கிருந்து வருகிறது

முதலில் கட்டடத்தின் சொந்த எடை. கம்பியோடு சேர்ந்த கான்கிரீட் கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன், அதாவது சுமார் இரண்டரை டன். (1 கிலோநியூட்டனை ஏறக்குறைய 100 கிலோ எடை என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.) நம் வீடுகளில் வழக்கமான 125 மி.மீ. தளம், அதாவது ஐந்து அங்குலத் தளம், சதுர மீட்டருக்கு 3.125 கிலோநியூட்டன். மேலே டைல்ஸ், அதன் அடியில் சிமென்ட் கலவை என்று இன்னொரு 1 கிலோநியூட்டன். ஆள் யாரும் ஏறுவதற்கு முன்பே 4.125 ஆகிவிட்டது.

அதன் மேல் மனிதர்களும் சாமான்களும். இதற்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் இரண்டாம் பாகம் எண்களைத் தருகிறது. வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். சதுர அடியில் சொன்னால் சுமார் 19 கிலோ. பால்கனிக்கு 3. நாற்காலிகள் தரையோடு பொருத்தப்படாத மண்டபத்துக்கு 5, ஏனென்றால் அங்கே கூட்டம் நெருக்கியடித்து நிற்கலாம். நூலகத்தில் புத்தக அடுக்குகள் நிற்கும் அறைக்கு 6, அடுக்கு 2.2 மீட்டரைத் தாண்டினால் அதற்கும் மேல். ஆட்கள் ஏறக்கூடிய மொட்டை மாடிக்கு வெறும் 1.5.

வீட்டுத் தளத்தில் மொத்தம் 6.125. அதில் மூன்றில் இரண்டு பங்கு கட்டடத்தின் சொந்த எடை. கான்கிரீட் கட்டடங்களில் பெரும்பாலும் இப்படித்தான். காலியாக நிற்கும் கட்டடம் சும்மா நிற்பதாக நினைக்க வேண்டாம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, அது இன்னும் கட்டிக்கொண்டிருந்த கட்டடம். குடும்பங்கள் வரவில்லை, பீரோவும் கட்டிலும் வரவில்லை. அன்று அதன் மேல் இருந்தது பெரும்பாலும் அதன் சொந்த எடைதான்.

மொட்டை மாடியின் அந்த 1.5 என்ற எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சாதாரண வீடுகளில் அதிகம் மீறப்படுவது அதுதான். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அது உட்காரும் இடம் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அப்படியென்றால் தொட்டிக்கு அடியில் 10 கிலோநியூட்டன்; தளத்துக்குக் கணக்குப் போட்டதோ 1.5. அதனால்தான் தொட்டியை அறையின் நடுத் தளத்தில் வைக்காமல் பீம் அல்லது சுவருக்கு நேர்மேலே மேடை கட்டி வைக்கச் சொல்கிறோம். மாடித் தோட்டமும் அப்படியே. ஓர் அடி ஆழத்துக்கு மண் பரப்பி, அது மழையில் நனைந்துவிட்டால் சதுர மீட்டருக்கு 5 முதல் 6 கிலோநியூட்டன் வரும். பைகளிலும் தொட்டிகளிலும் அங்கங்கே செடி வைப்பது வேறு, மாடி முழுக்க மண் கொட்டுவது வேறு.

சுமை எப்போதும் மேலிருந்து கீழேயே வரும் என்பதும் இல்லை. சென்னைக்கு விதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். இந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். அது சுவரைப் பக்கவாட்டில் தள்ளும், ஷீட் கூரையை மேல் நோக்கி உறிஞ்சும். கூரை பறக்காமல் இருக்கிறதென்றால் ஷீட் கனமாக இருப்பதால் அல்ல. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தாங்குதிறன் அந்த உறிஞ்சலைவிடக் கூடுதலாக இருப்பதால்.

தாங்குதிறன் என்ற மதிப்பீடு

கான்கிரீட் போடும்போது 150 மி.மீ. கன (கியூப்) அச்சுகளில் கொஞ்சம் எடுத்து வைத்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். இது சராசரி இல்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. நூறு கட்டிகளைச் சோதித்தால் ஐந்துக்கு மேல் 20-க்குக் கீழே போகக் கூடாது என்பதே அதன் பொருள். அந்த உறுதியைக் கொடுக்க, கலவையை வழக்கமாக 26.6 சராசரி வரும்படி வடிவமைக்கிறார்கள். சரக்கிலும் வேலையிலும் ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு எடுத்த எண் அது.

அதோடு விடுவதில்லை. சின்னக் கட்டி நசுங்குவதும் முழுத் தூணோ பீமோ நசுங்குவதும் ஒன்றல்ல என்பதால் அந்த 20-ல் 0.67 பங்கை மட்டும் எடுக்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. சைட்டில் நடக்கும் குறைகளுக்காக மேலும் 1.5 ஆல் வகுக்கச் சொல்கிறது. கடைசியில் 20 என்று பேர் வைத்த கான்கிரீட்டிலிருந்து கணக்கில் எடுப்பது 9-க்கும் சற்றுக் குறைவு. கம்பி தொழிற்சாலையில் கட்டுப்பாட்டோடு வருவதால் அதற்கு 1.15 ஆல் வகுத்தால் போதும். எதை எவ்வளவு நம்பலாம் என்பதை இந்த இரண்டு எண்களின் வித்தியாசமே சொல்லிவிடும்.

சுமைப் பக்கத்தில் இதற்கு எதிர்மாறாகச் செய்கிறோம். சொந்த எடையையும் மாறும் சுமையையும் (ஆட்களும் சாமான்களும்) கூட்டி 1.5 ஆல் பெருக்குகிறோம். காற்றோ நிலநடுக்கமோ அவற்றோடு சேர்ந்து வரும் நிலையைப் பார்க்கும்போது மூன்றையும் 1.2 ஆல் பெருக்கினால் போதும். கூட்டம் நிரம்பி வழியும் அதே நொடியில் மிகப் பெரிய புயலும் அடிப்பது அரிது. ஆக, சுமையைக் கூட்டி, பலத்தைக் குறைத்து, அதற்குப் பிறகும் பலம் மிஞ்சி நிற்கிறதா என்று பார்க்கிறோம்.

ஒரு தளத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

3 மீட்டர் அகல அறை, இரண்டு பக்கமும் சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் 125 மி.மீ. தளம், எம்20 கான்கிரீட், 500 ரகக் கம்பி, 8 மி.மீ. கம்பி 150 மி.மீ.க்கு ஒன்று. ஒரு மீட்டர் அகலப் பட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சுமை 6.125, 1.5 ஆல் பெருக்க 9.19 கிலோநியூட்டன். இந்த எடை தளத்தின் நடுவை வளைக்கப் பார்க்கும். அந்த வளைக்கும் விசைக்குப் பொறியாளர்கள் பெண்டிங் மொமென்ட் என்பார்கள். சுமையை அறை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8 ஆல் வகுத்தால் கிடைக்கும்: 9.19 × 9 ÷ 8 = 10.3 கிலோநியூட்டன்-மீட்டர். இதுதான் தேவை.

தாங்குதிறனுக்கு வேறு வழி. தளம் வளையும்போது மேல் பக்கக் கான்கிரீட் நசுங்கப் பார்க்கிறது, அடியில் இருக்கும் கம்பி இழுபடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் தளத்தின் பிடி. அடியில் 20 மி.மீ. கவரும் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்) கம்பியின் பாதியும் போக, மேற்பரப்பிலிருந்து கம்பியின் நடுவரை 101 மி.மீ. கிடைக்கிறது. ஐ.எஸ். 456 சூத்திரத்தில் போட்டால் 13.5 கிலோநியூட்டன்-மீட்டர் வருகிறது.

தேவை 10.3, திறன் 13.5. தேவையைத் திறனால் வகுத்தால் 0.77. இந்த விகிதம் 1-க்குள் இருக்கும்வரை அந்த உறுப்பு வளைவில் பாஸ். ஆனால் வளைவில் பாஸ் ஆன தளம் எல்லாவற்றிலும் பாஸ் ஆனதாகாது. வெட்டு விசைக்குத் (தளத்தைக் குறுக்காக அறுக்கப் பார்க்கும் விசை) தனியாகப் பார்க்க வேண்டும், தளம் எவ்வளவு தொய்கிறது என்று பார்க்க வேண்டும். உடையாமலேயே கட்டமைப்பு தோற்றுப்போக முடியும். லண்டனில் தேம்ஸ் நதி மேல் 2000 ஜூன் 10 அன்று திறந்த மில்லேனியம் நடைபாலம் உடையும் ஆபத்தில் இல்லை. ஆனால் கூட்டம் நடந்ததும் பக்கவாட்டில் ஆடியது. இரண்டே நாளில் மூடி, ஆட்டத்தை அடக்கும் கருவிகள் பொருத்தி, 2002-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

கம்பி மேல் நடந்தால் என்ன ஆகும்

இதே தளத்தைச் சுவரைத் தாண்டி 1.2 மீட்டர் வெளியே நீட்டிப் பால்கனி ஆக்குவோம். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அறியாத ஓர் உண்மை இங்கே இருக்கிறது. அறைக்குள் இருக்கும் தளத்தில் கம்பி அடியில் வேலை செய்கிறது. வெளியே நீட்டிய பால்கனியில் இழுபடுவது மேல் பக்கம், அதனால் கம்பி மேலே இருந்தாக வேண்டும்.

பால்கனியின் சுமை: தளமும் டைல்ஸும் 4.125, ஆட்களுக்கு 3, நுனியில் ஒரு மீட்டர் உயர நாலரை அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவர். எல்லாம் 1.5 ஆல் பெருக்கிச் சேர்த்தால் சுவர் ஓரத்தில் தேவை சுமார் 11.6 கிலோநியூட்டன்-மீட்டர். அதே 8 மி.மீ. கம்பியை அதே இடைவெளியில் மேல் பக்கம் சரியாக வைத்திருந்தால் திறன் 13.5. பாஸ்.

இப்போது கான்கிரீட் போடும் நாளை நினைத்துப் பாருங்கள். சட்டி சுமப்பவர்கள், வைப்ரேட்டர் பிடிப்பவர், மட்டம் அடிப்பவர் எல்லாரும் அந்த மேல் கம்பி மேல்தான் நடக்கிறார்கள். அதைத் தூக்கிப் பிடிக்க அடியில் சேர் கம்பி இருக்க வேண்டும். அது இல்லையென்றாலோ, நாலு அடிக்கு ஒன்று என்று பேருக்கு இருந்தாலோ, கம்பி மிதிபட்டு இறங்கிவிடும். 40 மி.மீ. இறங்கியது என்று வையுங்கள். இரண்டு விரல் அகலம் இருக்கும். 101 மி.மீ. பிடி 61 ஆகிறது. திறன் 13.5-லிருந்து 7.7-க்கு வந்துவிடுகிறது.

தேவை 11.6, திறன் 7.7. ஒரு கிலோ கம்பிகூடக் குறையவில்லை. பில் சரியாக இருக்கும், கியூப் சோதனை ரிப்போர்ட் சரியாக இருக்கும், வரைபடம் சரியாக இருக்கும். சென்ட்ரிங் பிரித்ததும் பால்கனி நிற்கவும் செய்யும், ஏனென்றால் யாரும் நிற்காதபோது அதன் சொந்த எடையும் கைப்பிடிச் சுவரும் கேட்பது 5.6 மட்டுமே. சாமி ஊர்வலம் பார்க்கவோ, கல்யாண ஊர்வலம் பார்க்கவோ பால்கனி நிறைய ஆட்கள் வந்து சாயும் நாளில் பெருக்கிப் போட்ட 1.5-ஐ எடுத்துவிட்டாலும் தேவை 7.7-ஐத் தொட்டுவிடும். இத்தனை வருஷம் நின்ற பால்கனி திடீரென்று எப்படி விழுந்தது என்று அப்போது கேட்பார்கள். இத்தனை வருஷமாக அது தன் எல்லைக்கு மிக அருகிலேயே நின்றுகொண்டிருந்தது.

"இன்ஜினியர் எப்படியும் டபுளா போட்டிருப்பார்" என்று சைட்டில் சொல்கிற பேச்சு எனக்குப் பயம் தருவது இதனால்தான். அந்தக் கூடுதல் சும்மா போட்டதல்ல. யாரும் வேண்டுமென்றே செய்யாத இந்த மாதிரிக் குறைகளுக்காக ஒதுக்கியது. வேண்டுமென்று கம்பியைக் குறைத்தால், இந்தக் குறைகளுக்கு ஈடு கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடும் காலையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், பால்கனியிலும் சன்ஷேடிலும் மேல் கம்பி மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

தடி உடையவில்லை, இணைப்பு விட்டது

உலகம் முழுக்கக் கட்டமைப்புப் பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் ஒரு விபத்து 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் நடந்தது. ஹயாத் ரீஜன்சி ஓட்டல் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதன் உயரமான முன்கூடத்துக்குள் இரண்டாம் மாடி, நான்காம் மாடி மட்டங்களில், ஒன்றுக்கு நேர்கீழே மற்றொன்றாக, இரண்டு நடைபாலங்கள் கூரையிலிருந்து இரும்புத் தடிகளால் தொங்கவிடப்பட்டிருந்தன. அன்று மாலை நடன நிகழ்ச்சிக்குக் கூட்டம் கூடியிருந்தபோது இரண்டும் பெயர்ந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

முதலில் வரைந்தபடி, ஒரே நீளத் தடி கூரையிலிருந்து இறங்கி, நான்காம் மாடிப் பாலத்தின் பெட்டி பீமைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் மாடிப் பாலம் வரை போக வேண்டும். ஒவ்வொரு பாலத்துக்கும் தன் அடியில் தனி நட்டு. அப்படிச் செய்ய வேண்டுமானால் நட்டைக் கீழிருந்து நடு உயரம் வரை திருகிக்கொண்டு போக, தடியில் நெடுக மரை வெட்ட வேண்டியிருக்கும். வேலை சுலபமாக வேண்டும் என்று தடியை இரண்டாக்கினார்கள். ஒரு தடி கூரையிலிருந்து நான்காம் மாடி பீமுக்கு. இன்னொரு தடி அதே பீமிலிருந்து கீழ்ப் பாலத்துக்கு.

ஒரே கயிற்றில் இரண்டு வாளிகளைத் தனித்தனியே முடிச்சுப் போட்டுக் கட்டுவதற்கும், மேல் வாளியின் அடியில் கீழ் வாளியைக் கட்டித் தொங்கவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. கயிற்றுக்கு இரண்டிலும் ஒரே எடைதான். ஆனால் இரண்டாவது முறையில் மேல் வாளியின் கைப்பிடி இரண்டு வாளிகளையும் சுமக்கிறது. அதேபோல நான்காம் மாடி பீமின் அடியில் இருந்த நட்டு, தன் பாலத்தோடு கீழ்ப் பாலத்தையும் சுமக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு புள்ளியில் தேவை இரண்டு மடங்கானது. திறன் அப்படியே இருந்தது.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தேசியத் தர அளவை அலுவலகம் இன்னொன்றையும் சொன்னது. முதலில் வரைந்த இணைப்பே உள்ளூர்க் கட்டட விதி கேட்டதில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கக்கூடியது. மாற்றிக் கட்டியது சுமார் 30 சதவீதம். தடிகள் அறுந்து போகவில்லை. இரண்டு இரும்புச் சட்டங்களை முகத்துக்கு முகம் வைத்துப் பற்றவைத்த பெட்டி பீமின் இணைப்புக் கோட்டைப் பிளந்துகொண்டு நட்டு வெளியே வந்தது.

இந்த விபத்தை நான் திரும்பத் திரும்ப நினைப்பதற்குக் காரணம், மொத்தக் கணக்கு இங்கே பலிக்கவில்லை என்பதுதான். சுமை கூரை வரை போய்ச் சேரும் வழியில் எத்தனை இடம் உண்டோ அத்தனை இடத்திலும் இரண்டு கணக்கையும் தனித்தனியே வைத்துப் பார்க்க வேண்டும். தளத்திலிருந்து பீம், பீமிலிருந்து தூண், தூணிலிருந்து கடைக்கால், கடைக்காலிலிருந்து மண். இதில் எது மெலிந்ததோ அதுவே முழுக் கட்டடத்தின் தாங்குதிறன். வரைபடத்தில் மாற்றம் செய்கிறவர் "எடை அதேதானே" என்று சொன்னால், எந்தப் புள்ளியில் என்று கேட்க வேண்டும்.

எடை உதவிக்கு வரும் இடங்கள்

எடை என்றாலே எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டு முன்பக்கம் மண்ணுக்கு அடியில் கட்டும் சம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், 150 மி.மீ. சுவர் என்றால் மூடியோடு அதன் எடை சுமார் 100 கிலோநியூட்டன். கனமழையில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால் அது சம்ப்பை மேலே தள்ளும் விசை 120. கழுவுவதற்காகச் சம்ப்பைக் காலி செய்து வைத்த நேரம் பார்த்து அப்படி நடந்தால், பக்கத்து மண்ணின் பிடியை மட்டும் நம்பித்தான் அது உட்கார்ந்திருக்கிறது. இங்கே எடை திறன் பக்கம், தண்ணீர் தேவைப் பக்கம். இப்படிக் கட்டடம் கவிழ்வதை எடை தடுக்கும் நிலைகளில் சொந்த எடையை 1.5 ஆல் பெருக்க மாட்டோம்; 0.9 மட்டுமே எடுப்போம். அடைமழை நாளில் சம்ப்பைக் காலியாக வைக்காதீர்கள்.

நிலநடுக்கம் இந்த ஒப்பீட்டையே வேறு மாதிரி ஆக்கிவிடுகிறது. காற்று வெளியிலிருந்து தள்ளுகிறது. நிலநடுக்கத்தில் தரை நகரும்போது கட்டடம் தன் எடையாலேயே தனக்கு விசையை உண்டாக்கிக்கொள்கிறது. கனம் கூடக் கூடத் தேவையும் கூடும். அந்த முழு விசையையும் விரிசலே இல்லாமல் தாங்கும்படி கட்ட ஆரம்பித்தால் செலவு எங்கேயோ போய்விடும். அதனால் நிலநடுக்கத்துக்கான விதியான ஐ.எஸ். 1893 அந்த விசையைச் சாதாரணக் கான்கிரீட் தூண்-பீம் சட்டகத்துக்கு 3 ஆலும், நிலநடுக்கத்துக்கென்றே விவரமாகக் கம்பி கட்டிய சட்டகத்துக்கு 5 ஆலும் வகுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. பெரிய நடுக்கத்தில் தேவை திறனைத் தாண்டும் என்று தெரிந்தே செய்வது இது. தாண்டும்போது கம்பி இழுபட்டு நீண்டு, கட்டடம் உருக்குலைந்தாலும், ஆட்கள் வெளியே வரும்வரை நிற்க வேண்டும்.

அந்த 5 என்ற சலுகைக்கு விலை உண்டு. தூணில் ரிங் நெருக்கமாக இருக்க வேண்டும். ரிங்கின் கொக்கி 90 டிகிரியில் வளைத்து நிறுத்தாமல் 135 டிகிரிக்கு உள்ளே மடங்க வேண்டும். ஒரு சந்திப்பில் சேரும் தூண்களின் பலம் பீம்களின் பலத்தைப் போல 1.4 மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 13920. உடைவது பீமாக இருக்கட்டும், தூணாக இருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்வது அது. பீம் போனால் ஓர் இடம் போகும், தூண் போனால் மேலே உள்ள எல்லாம் போகும். கொக்கியை மடக்கக் கம்பி வேலைக்காரருக்குக் கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுத்து வாங்குங்கள்.

வருஷங்கள் போகப் போக

கட்டி முடித்த அன்று போட்ட கணக்கு அப்படியே நிற்பதில்லை. கடலோர ஊர்களில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கிறது. 8 மி.மீ. கம்பி 6 மி.மீ. ஆனால் கால்பங்குதான் போனது என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் 44 சதவீதம் போய்விட்டது. கடற்கரைச் சூழலுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டுக்கு எம்30-க்குக் குறையாத ரகமும் 45 மி.மீ. கவரும் ஐ.எஸ். 456 கேட்பது இதற்காகத்தான்.

சில சமயம் தேவை காகிதத்தில் மாறும். சென்னை 2002 வரை நிலநடுக்க மண்டலம் இரண்டில் இருந்தது. அந்த வருஷ ஐ.எஸ். 1893 பதிப்பு அதை மூன்றுக்கு மாற்றியது. நிலநடுக்க விசையைக் கணக்கிடும் மண்டலக் காரணி, மண்டலம் இரண்டுக்கு 0.10, மூன்றுக்கு 0.16. அதற்கு முன் கட்டிய கட்டடங்களில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. ஆனால் அவை தாங்க வேண்டியது என்று நாம் கருதுவது கூடிவிட்டது.

மனிதர்கள் செய்யும் மாற்றம் இதையெல்லாம் விட வேகமானது. சியோல் நகரில் சாம்பூங் என்ற பெரிய அங்காடி நாலு மாடிக்குத் திட்டமிடப்பட்டது. ஐந்தாவது மாடி பிறகு சேர்ந்தது. அதில் உணவகங்கள், சூடேற்றும் குழாய் பதித்த கனமான தரை. கூரையில் இருந்த பெரிய ஏ.சி. இயந்திரங்களை 1993-ல் கிரேன் வைத்துத் தூக்காமல் தளத்தின் மேலேயே இழுத்து இடம் மாற்றியதில் விரிசல் விட்டது. பீம் இல்லாமல் தளம் நேராகத் தூண் மேல் உட்காரும் அமைப்பு அது. அதில் தூணைச் சுற்றியுள்ள கொஞ்ச இடம்தான் முழுச் சுமையையும் கைமாற்றுகிறது. ஒரு பக்கம் தேவையைக் கூட்டிக்கொண்டும், மறுபக்கம் திறனைக் குறைத்துக்கொண்டும் போனார்கள். 1995 ஜூன் 29 அன்று அது இடிந்து 502 பேர் இறந்தார்கள்.

இருக்கிற வீட்டின் மேல் ஒரு மாடி

நம் ஊரில் இந்தக் கேள்வி தினமும் வருகிறது: "மேல ஒரு மாடி எடுக்கலாமா சார்?" பக்கத்து வீட்டில் எடுத்திருக்கிறார்கள் என்பது பதிலாகாது. பழைய வரைபடம் வேண்டும். இல்லையென்றால் கடைக்காலைத் தோண்டிப் பார்த்து அளக்க வேண்டும், தூணில் கம்பி எத்தனை, என்ன கனம் என்று கருவி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும், கான்கிரீட்டில் துளையிட்டு உருளைத் துண்டுகள் எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். மூன்று துண்டுகளின் சராசரி, அந்த வயதுக் கான்கிரீட்டின் கியூப் பலத்தில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எந்த ஒரு துண்டும் 75-க்குக் கீழே போகக் கூடாது. இதெல்லாம் செலவுதான். ஒரு மாடி கட்டும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

அதன் பிறகும் ஒரு தளத்தின் மேல் சந்தேகம் இருந்தால், சுமையை உண்மையிலேயே ஏற்றிப் பார்க்கும் சோதனையை ஐ.எஸ். 456 தருகிறது. சொந்த எடை எப்படியும் இருக்கிறது. அதன் மேல் மாறும் சுமையைப் போல 1.25 மடங்கு ஏற்ற வேண்டும். வீட்டு அறைக்கு அது சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன். மணல் மூட்டை அடுக்கலாம், அல்லது சுற்றிலும் வரப்புக் கட்டி 25 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தலாம். விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாதபடி அடியில் முட்டுக் கொடுத்து, தளத்தைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டு வைக்க வேண்டும். 24 மணி நேரம் அந்தச் சுமை இருக்க, தளம் எவ்வளவு தொய்ந்தது என்று அளப்பார்கள். பிறகு சுமையை இறக்கி, இன்னொரு 24 மணி நேரத்தில் அந்தத் தொய்வில் எவ்வளவு மீண்டது என்று பார்ப்பார்கள். தொய்வு மிகச் சிறியதாக இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் குறைந்தது 75 சதவீதம் மீண்டிருக்க வேண்டும். மீளவில்லையென்றால் 72 மணி நேரம் விட்டு இன்னொரு முறை ஏற்றுவார்கள். அப்போது 80 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தத் தளத்தை ஏற்கக் கூடாது.